மேல் மதகு பேசவில்லை

ஓரகத்திகள் இருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பது ஒன்றும் உலக அதிசயம் அல்ல. ஆனால் ஒருத்தியோடு ஒருத்தி பேசுவதற்காகவே இருவருக்கும் சம்பளம் தருகிறார்கள் என்றால், அது கொஞ்சம் சங்கடமான சமாச்சாரம்தான்.

பெரியவளுக்கு ஆற்றின் மேல்பக்கத்தில், மதகுக் காவல் அறையில் வேலை. தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். சின்னவளுக்கு ஊருக்குள், நகராட்சிக் கட்டடத்தின் கடைசி மாடியில் இருக்கும் வெள்ள எச்சரிக்கை அறையில் வேலை. மேலே இருந்து வருவதைக் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, பொறியாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அறையில் ஒரு மேசை, மேசைமேல் வயர்லெஸ் பெட்டி, மதகுக் கருவியின் எண்ணைக் காட்டும் சின்னத் திரை, சுவரில் கண்ணாடி மூடி போட்ட சைரன் பொத்தான், ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே ஒரு வாளி. அவ்வளவுதான். பெட்டிக்கும் சைரனுக்கும் கரண்ட் தேவையில்லை. மொட்டைமாடியில் சோலார் தகடு, மேசைக்கடியில் இரண்டு பேட்டரிகள். ஒரு புயலில் செல்போன் கோபுரங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துக்கொண்ட பிறகு, இனி எது படுத்தாலும் இது படுக்கக் கூடாது என்று வாங்கி வைத்தது. தீயணைப்பு நிலையத்தில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று என்று இதே மாதிரிப் பெட்டிகள் இருந்தன. ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும்.

சின்னவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். "எங்க வீட்டுச் சின்னவளுக்குக் காது ரொம்பக் கூர்மை சார். பக்கத்து வீட்ல கரண்டி விழுந்தாலும் எந்தக் கரண்டின்னு சொல்லிடுவா" என்று பொறியாளரிடம் சிபாரிசு செய்தாள். அப்படிப்பட்டவளைத்தான் சின்னவள் புண்படுத்திவிட்டாள்.

நடந்தது இதுதான். குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மதகில் ஒரு மரக்கட்டை மாட்டிக்கொண்ட கதையைப் பெரியவள் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் வாயில் ஆரம்பித்த கதை, எல்லோரும் கை கழுவும்போதும் அந்தக் கட்டையை வெளியே எடுக்கவில்லை. சின்னவள் சொன்னாள்: "அக்கா பேச்சு ரேடியோ மாதிரி. என்ன ஒண்ணு, ரேடியோவுக்கு நிறுத்தறதுக்கு ஒரு பொத்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததிலும் பெரியவளின் கணவர்தான், சின்னவளுக்குப் பெரிய மாமா, அதிகம் சிரித்தார். புரை ஏறித் தண்ணீர் குடிக்கும் அளவுக்குச் சிரித்தார். பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பொத்தானை இன்னிக்குக் கண்டுபிடிச்சிட்டேன்னு வச்சுக்க."

அன்றோடு பேச்சு நின்றது. மன்னிப்புக் கேட்கலாம் என்று சின்னவள் போனபோது பெரியவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈரத் துணியை ஒரு உதறு உதறினாள். முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்தபடி சின்னவள் திரும்பி வந்துவிட்டாள். இவளுக்கும் ரோஷம் இல்லாமலா இருக்கும்?

ஆனால் வீட்டில் பேசாமல் இருக்கலாம்; வேலையில்? தினமும் காலையில் சின்னவள் ஒவ்வொரு பெட்டியாகக் கூப்பிட வேண்டும், அவரவர் பதில் சொல்ல வேண்டும். பெரியவள் அதற்கும் ஒரு வழி கண்டாள். மைக்கின் பக்கவாட்டில், பேசும்போது அழுத்திக்கொள்ளும் பொத்தான் ஒன்று இருக்கும். அதை ஒரு தடவை அழுத்தி விடுவாள், பேச மாட்டாள். இந்தப் பக்கம் பெட்டியின் இரைச்சல் ஒரு கணம் அடங்கும். பிறகு 'கிளிக்'கென்று மறுபடி இரையும். இருக்கிறேன் என்று அர்த்தம். தண்ணீரின் அளவைத்தான் மதகில் மாட்டிய கருவியே அனுப்பிவிடுகிறதே. ஆகவே இந்தக் கிளிக்கில் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

"மேல் மதகு, கீழ் அறை கூப்பிடுது. கேக்குதா?"

கிளிக்.

"மேல் மதகு இருக்கு. அடுத்து தீயணைப்பு நிலையம்."

"இருக்கோம் தங்கச்சி" என்பான் ஏணி. தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவன். ஏணியைவிட உயரம் என்பதால் அந்தப் பெயர். "உங்க அக்கா இன்னிக்குக் கொஞ்சம் மெதுவா அழுத்தினாங்க போல. கோவம் எறங்குது. எங்க ஸ்டேஷன்ல எல்லாரும் கவனிச்சோம்."

"உங்க வேலையைப் பாருங்க அண்ணே."

"காலைல டீ குடிச்சிக்கிட்டு இதைக் கேக்கறதுதானே எங்க வேலையே."

பொறியாளருக்கு மட்டும் தெரியாது. அவர் காலையில் வந்து, "எல்லாரும் பதில் சொல்லிட்டாங்களாம்மா?" என்று கேட்பார். "வந்துடுச்சு சார்" என்பாள் சின்னவள். பதில் வந்தது உண்மைதானே. எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

இப்படியே வாரங்கள் ஓடின. மழைக்காலம் வந்தது.

இரண்டு நாள் விடாமல் கொட்டிய மழையில் முதலில் கரண்ட் போனது. அப்புறம் போன். காலையில் சின்னவள் எல்லோரையும் கூப்பிட்டாள். மேல் மதகிலிருந்து வழக்கமான கிளிக் வந்தது. பொறியாளர் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்தார். செத்துப்போன செல்போனை எடுத்துப் பார்ப்பதும் பையில் வைப்பதுமாக இருந்தார். கருவியின் எண் தெரியும் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"நேத்துலேருந்து ஒரே நம்பர் காட்டுதே."

"ஆமா சார். மஞ்சள் பட்டை அளவுலயே நிக்குது."

"ஆறு இவ்வளவு ஒழுக்கமா ஒரே இடத்துல நிக்காதும்மா. கருவி செத்துடுச்சு. நான் பள்ளிக்கூடம் வரைக்கும் போய், ஆளுங்களைத் தங்க வைக்க இடம் ஒழுங்கா இருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன். மேல் மதகுகிட்ட வாயால கேட்டு வைங்க."

அவர் போனார். சின்னவள் மைக்கை எடுத்தாள். வாரக்கணக்காகக் கேட்காத கேள்வியைக் கேட்பதற்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

"மேல் மதகு, கீழ் அறை. கருவி வேலை செய்யல. தண்ணி எந்த நிறத்துல நிக்குதுன்னு சொல்லுங்க."

மதகுச் சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக வர்ணம் அடித்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கிளிக்.

"இருக்கீங்கன்னு தெரியுது. தண்ணி எங்க இருக்கு?"

கிளிக். கிளிக் கிளிக். கிளிக்.

சின்னவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரே நனைந்துகொண்டிருக்கிறது, இந்த நேரத்திலுமா? "பேச விருப்பம் இருந்தா பேசலாம். விளையாடறதுக்கு இது நேரம் இல்ல" என்றாள்.

"அக்கா இன்னிக்கு ரொம்பச் சூடா இருக்காங்களே" என்றது ஏணியின் குரல்.

கிளிக் சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது, யாரோ மேசையை விரலால் தட்டித் தட்டி எரிச்சலூட்டுவது போல. அவள் பெட்டியின் சத்தத்தைக் குறைத்து வைத்தாள். எழுந்து போய் நிரம்பியிருந்த வாளியை எடுத்து ஜன்னல் வழியாகக் கொட்டினாள். கீழே ஆற்றோரத் தெரு தெரிந்தது. கடைக்காரர்கள் படியில் மணல் மூட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் கதவோரம் உட்கார்ந்து தெரு வெளிச்சத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

வாளியைத் திரும்ப வைத்தபோதும் சன்னமாகக் கேட்டது. கிளிக். கிளிக்.

கை வாளியிலேயே நின்றது. இத்தனை வாரத்தில் இவள் கூப்பிட்டாள், அவள் அழுத்தினாள். ஒரு நாளாவது, ஒரு தடவையாவது, அவளாக முதலில் அழுத்தியிருக்கிறாளா? இல்லை. ரோஷக்காரி கதவைத் தட்ட மாட்டாள். தட்டினால் திறக்காமல் இருப்பாள். அதுதான் ரோஷத்தின் இலக்கணம். இவள் பேச்சை நிறுத்தின பிறகும் ஒருத்தி விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறாள் என்றால், அவள் கதவைத் தட்டுகிறாள்.

சின்னவள் ஓடி வந்து சத்தத்தைக் கூட்டினாள்.

"அக்கா."

அந்த வார்த்தையை அவள் பெட்டியில் சொல்லி ரொம்ப நாளாயிற்று. மேல் மதகு, மேல் மதகு என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான்தான். உங்களால பேச முடியலியா? முடியலன்னா ஒரு தடவை அழுத்துங்க. சும்மா கோவம்தான்னா ரெண்டு தடவை."

கிளிக். காத்திருந்தாள். இரண்டாவது வரவில்லை.

"இனிமே ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. சரியா? தண்ணி சிவப்புக்கு வந்துடுச்சா?"

கிளிக்.

"சிவப்பையும் தாண்டிடுச்சா?"

இந்த முறை இரைச்சல் அடங்கியது, உடனே திரும்பவில்லை. பெரியவள் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய 'ஆமாம்' எப்போதும் அப்படித்தான், தலையையும் கையையும் சேர்த்து ஆட்டிச் சொல்வாள். பிறகு, கிளிக்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பொறியாளர் உள்ளே வரும்போதே சின்னவள் எழுந்துவிட்டாள்.

"சைரன் போடணும் சார். தண்ணி சிவப்பைத் தாண்டிடுச்சு."

"யார் சொன்னா?"

"மேல் மதகு."

"என்ன வார்த்தை சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

"வார்த்தை இல்ல சார்" என்றாள். பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சண்டை, பொத்தான், காலைக் கிளிக், எல்லாம். சொல்லும்போது தன் காதுக்கே அது பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

பொறியாளர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். போன வருடம் நடந்தது அவருக்கும் நினைவு இருந்தது, அவளுக்கும் இருந்தது. ஒரு பழைய டயர் மிதந்து வந்து கருவியில் மாட்டிக்கொள்ள, கருவி சிவப்பு என்று கத்த, சைரன் ஊதியாயிற்று. ஆற்றோரத் தெரு முழுவதும் கட்டில், பீரோ, நோயாளிகள் என்று தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. தண்ணீர் வரவில்லை. திரும்பி வந்தவர்கள் இதே படியில் ஏறி வந்து கத்திவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பொறியாளர் விதி வைத்தார்: கருவி இல்லாவிட்டால் மனுஷன் சொல்ல வேண்டும், சொன்னதை இங்கே திருப்பிச் சொல்ல வேண்டும், அங்கே 'சரி' சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கண்ணாடி மூடியைத் தொடக் கூடாது.

"இன்னொரு தடவை பொய்யா ஊதினா, அப்புறம் எவனும் நகர மாட்டான்மா. நிஜமா வரும்போதும் நகர மாட்டான்."

"அவங்கதான் சார். எனக்குத் தெரியும்."

"தெரியும்ங்கறீங்க. ஆனா மின்னல் அடிச்சாலும் இந்தப் பெட்டி கிளிக்குனு சொல்லும். அங்க மைக் தண்ணில விழுந்து பொத்தான் தானா அழுந்தினாலும் சொல்லும்." அவர் நெற்றியைத் தேய்த்தார். "நீங்க கேட்ட எல்லாத்துக்கும் 'ஆமா'ன்னே வந்திருக்கு. ஒரே ஒரு 'இல்ல' வரட்டும். நிச்சயமா 'இல்ல'ன்னு சொல்லக்கூடிய கேள்வி ஒண்ணு கேளுங்க. வந்தா, அந்தப் பக்கம் ஆள் இருக்காங்க, புரிஞ்சுதான் அழுத்தறாங்கன்னு அர்த்தம்."

சின்னவள் மைக்கைப் பிடித்தபடி யோசித்தாள். மழை நின்றுவிட்டதா என்று கேட்கலாம். ஆனால் மேலே ஒருவேளை நின்றிருந்தால்? சாப்பிட்டாயா என்று கேட்கலாம். சாப்பிட்டிருந்தால்? பெரியவளைப் பற்றி அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த 'இல்லை' ஒன்றே ஒன்றுதான். அதை ஊரே கேட்கும். கேட்கட்டும்.

"அக்கா, என் மேல இருந்த கோவம் போயிடுச்சா?"

கிளிக் கிளிக்.

இடைவெளியே இல்லை. கேள்வி முடிவதற்குள் வந்த மாதிரி இருந்தது. தீயணைப்பு நிலையத்தின் பெட்டியில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"ஆள் இருக்காங்க" என்றார் பொறியாளர். எழுந்து சுவரோரம் போனார். "அளவைக் கேளுங்க."

"சிவப்புக்கு மேல எத்தனை அடின்னு அத்தனை தடவை அழுத்துங்க அக்கா."

கிளிக். கிளிக். கிளிக்.

"சிவப்புக்கு மேல மூணு அடி. சரியா?"

கிளிக்.

பொறியாளர் கண்ணாடி மூடியைத் திறந்தார்.

சைரன் ஊதினால் உடனே எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஜன்னலில் இருந்து சின்னவள் பார்த்தாள். பாதிப் பேர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேரைப் பார்த்தார்கள். ஏணி வண்டியைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஒலிபெருக்கியில் கத்தினான். முடிதிருத்துகிறவர் கடை வாசலை விட்டு இறங்கவே இல்லையாம். அங்கே நடந்த பேச்சை ஏணி பிறகு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

"போன தடவையும் இப்படித்தான் ஊதினீங்க" என்றாராம் அவர்.

"போன தடவை டயர் சொல்லுச்சு. இந்தத் தடவை மேல் மதகு அம்மாவே சொல்லியிருக்காங்க."

"அவங்கதான் சின்னவகிட்டப் பேசறதே இல்லியாமே?"

"பேசாதவங்களே சொல்றாங்கன்னா எவ்வளவு தண்ணி வருதுன்னு நீங்களே பார்த்துக்குங்க."

இந்தக் கணக்கு தெருவுக்குப் புரிந்தது. முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோல்களைத் துண்டில் சுற்றினார். தையல்காரர் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பட்டன் தைத்து முடிக்காத சட்டையைத் தோளில் போட்டிருந்தார். ஒரு அம்மாள் கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். நடக்க முடியாதவர்களை வண்டியில் ஏற்றினார்கள். மதியம் தாண்டியபோது தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

அப்புறம்தான் ஆறு வந்தது. காப்பித்தூள் நிறத்தில், வேலிக்கம்புகளையும் ஒரு முழுக் கோழிக்கூண்டையும் இழுத்துக்கொண்டு வந்து, கடைகளின் ஜன்னல் திட்டு வரைக்கும் ஏறி நின்றது. மணல் மூட்டை வைத்த கடையும் வைக்காத கடையும் ஒன்றுதான் என்று ஆயிற்று.

மேல் மதகுக்குப் போகும் ரோடும் முழுகிவிட்டது. அன்றைக்குப் பெரியவளை அழைத்துவர வழி இல்லை. காவல் அறை உயரமான தூண்மேல் இருந்ததால் ஆபத்து இல்லை என்றார் பொறியாளர். ஆனாலும் சின்னவள் மைக்கைக் கீழே வைக்கவில்லை. மற்றவர்கள் பேசாத நேரம் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மேல் தளத்துக்கு ஏறிட்டீங்களா? கிளிக். சாப்பிட ஏதாவது இருக்கா? கிளிக். குளிருதா? கிளிக் கிளிக். பொய் சொல்றீங்களா? கொஞ்சம் தாமதித்து, கிளிக்.

அந்தப் பக்கம் கேள்வி கேட்க வழி இல்லை. அதனால் பெரியவள் என்னவெல்லாம் கேட்பாள் என்று நினைத்து நினைத்து இவளே சொல்ல வேண்டியிருந்தது. உங்க பாப்பா வீட்ல பத்திரமா இருக்கா, சாப்பிட்டாச்சு. பெரிய மாமா பள்ளிக்கூடத்துல பாய் எடுத்துப் போட்டுக்கிட்டிருக்கார். மாடில நீங்க காயப்போட்டதை எல்லாம் எடுத்தாச்சு, நீலத் துண்டு ஒண்ணு மட்டும் பறந்துடுச்சு. ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு டீசல் போய்ச் சேர்ந்துடுச்சு. முடிதிருத்தறவருக்கும் தையல்காரருக்கும் ஒரே ரூம் கொடுத்துட்டாங்க, ரெண்டு பேரும் கத்தரிக்கோல் மாறிப்போச்சுன்னு சண்டை போடறாங்க.

தொண்டை கட்டிப்போனது.

"தங்கச்சி" என்றான் ஏணி. "நிறுத்தறதுக்கு உனக்கும் பொத்தான் இல்ல போலிருக்கே."

மேல் மதகிலிருந்து கேட்காமலே ஒரு கிளிக் வந்தது.

மறுநாள் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் வயர்லெஸ் மெக்கானிக் படகில் மேல் மதகுக்குப் போனார். திரும்பி வந்து மைக்கை மேசைமேல் வைத்தார். வயர், மைக்குக்குள் நுழையும் இடத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. பொத்தானுக்குப் போகும் கம்பி நன்றாக இருந்தது, குரலுக்குப் போகும் கம்பி பச்சையாகிப் பொடிந்து கிடந்தது.

"இது நேத்து ஆனது இல்ல" என்றார். "எப்போ போச்சுன்னு யாருக்குத் தெரியும். பேசிப் பார்த்திருந்தாத்தானே தெரியும்."

பொறியாளர் அந்த வயரைக் கொஞ்ச நேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "காலைல கூப்பிடறது ஆள் இருக்காங்களான்னு பார்க்கறதுக்கு மட்டும் இல்லம்மா. வாய் வேலை செய்யுதான்னும் பார்க்கத்தான்."

"சரி சார்" என்றாள் சின்னவள். தலை நிமிரவில்லை.

"ரெண்டு பேருக்கும் மெமோ கொடுக்கணும். கொடுத்தா, ரெண்டு பேரும் ஒண்ணா சேர்ந்துக்கிட்டு என் மேல கோவப்படுவீங்க." அவர் எழுந்து போய்விட்டார். மெமோ வரவில்லை.

அதற்கு அடுத்த காலை, மேல் மதகில் புது மைக். பெரியவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை, மதகிலேயே இருந்தாள். சின்னவள் மைக்கை எடுத்துக் கூப்பிட வாய் திறப்பதற்குள் பெட்டியின் இரைச்சல் அடங்கியது.

"கீழ் அறை, மேல் மதகு பேசுது. கேக்குதா?"

குரல் கொஞ்சம் சளி பிடித்தாற்போல இருந்தது.

"கேக்குது அக்கா."

"அன்னிக்கு நான் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். நடுவுல கொஞ்ச நேரம் உன்கிட்டேருந்து சத்தமே இல்ல. எங்கடி போன?"

சின்னவள் பெட்டியைப் பார்த்தாள். வாளி நிரம்பிவிட்டது என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான்.

"சத்தத்தைக் குறைச்சு வச்சிருந்தேன் அக்கா. கோவத்துல அழுத்தறீங்கன்னு நினைச்சேன்."

இரைச்சல். மற்றப் பெட்டிகளும் காத்திருந்தன.

"நல்லவேளை, மைக் வேலை செய்யல" என்றது குரல். "செஞ்சிருந்தா அந்த நேரத்துல நான் உன்னைப் பேசின பேச்சுக்கு நம்ம வீட்ல ஒருத்தரும் ஒருத்தர் மூஞ்சில முழிச்சிருக்க முடியாது."

தீயணைப்பு நிலையம் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சிரிங்க, சிரிங்க. கோவம் போகல, அது தனி. அதை வீட்டுக்கு வந்து வச்சுக்கறேன். இப்ப நடந்ததைச் சொல்றேன், கேளு. முதல்ல தண்ணியோட நிறம் மாறுச்சு. நிறம்னா எப்படி, நம்ம வீட்டுக் கதவுக்கு ஒரு தடவை தப்பா பெயிண்ட் வாங்கிட்டு வந்தாரே உங்க பெரிய மாமா, அந்த நிறம். அந்தப் பெயிண்ட்டு கதை உனக்குத் தெரியாது, அதையும் சொல்லிடறேன்..."

சின்னவள் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்துவிட்டு டீ டம்ளரை எடுத்தாள். தீயணைப்பு நிலையத்தை இன்னும் கூப்பிடவில்லை, ஆஸ்பத்திரியைக் கூப்பிடவில்லை. அக்கா பொத்தானை விட்டால்தானே கூப்பிட முடியும்.